உலகை மொத்தமாகப் பார்ப்பது எப்படி? இருப்பு, வரத்து, தாமதம்: செய்முறை விவாத இழை

திசைமானி:
"முழுமைப் பார்வை", "உலகளாவிய சிந்தனை" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்திருக்கிறது என்பதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. சிப் தட்டுப்பாடு, உர விலை, மக்கள்தொகை, பருவநிலை என ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டால் எங்கே தொடங்குவது, எதைத் தாளில் எழுதுவது, எதை விட்டுவிடுவது, எழுதியது சரியா என்று எப்படிப் பார்ப்பது? இந்த வேலையைச் செய்பவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள். எங்கே பிசகும் என்பதையும் சேர்த்து.

ஓடைக்கரை:
முதலில் தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள். "உர விலை" என்பது வெறும் தலைப்பு. "எரிவாயு விலை இரட்டிப்பானால் அடுத்த 18 மாதங்களில் எந்தப் பொருட்களின் வரத்து குறையும்?" என்பது கேள்வி. ஒரு காரணம், ஒரு விளைவு, ஒரு காலவரை மூன்றும் அதில் இருக்கின்றன. காலவரையை எழுத மறந்தால் படம் நாலாபக்கமும் வளர்ந்துகொண்டே போகும். எதையும் விட மனம் வராது.

அடுத்து ஓர் ஏ4 தாளில் 8 முதல் 12 மாறிகள். அதற்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொன்றும் கூடவோ குறையவோ கூடிய பெயர்ச்சொல்லாக இருக்கவேண்டும். "நிர்வாக மெத்தனம்" உதவாது, "உரிமம் கிடைக்க ஆகும் மாதங்கள்" உதவும். பிறகு அம்புகள். முதலாவது கூடினால் இரண்டாவதும் கூடும் என்றால் +, குறையும் என்றால் −. விளைவு தெரிய நாளாகும் அம்பின்மேல் இரண்டு குறுக்குக்கோடு போட்டு, எத்தனை மாதம் என்பதையும் எழுதுங்கள். அந்த எண் இல்லாத படம் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

அம்புகள் சுற்றிவந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் அது ஒரு சுழல். அந்தச் சுழலில் − குறிகளை எண்ணுங்கள். இரட்டைப்படை (பூஜ்ஜியமும் சேர்த்து) என்றால் பெருக்கும் சுழல்: மாற்றம் தன்னைத்தானே ஊதிப் பெரிதாக்கும். ஒற்றைப்படை என்றால் சமன்செய்யும் சுழல்: மாற்றத்தை இழுத்துப் பிடிக்கும். புதிதாகப் படம் போடுகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் குறை, பெருக்கும் சுழல்களாகவே வரைந்துவிட்டு "எல்லாம் நாசமாகப் போகிறது" என்ற முடிவுக்கு வருவது. எந்தப் படத்திலும் ஒரு சமன்செய்யும் சுழலாவது கண்ணில் படவில்லை என்றால் இன்னும் தேடவேண்டும் என்று பொருள்.

கடைசியாக, ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: அளந்த எண் இருந்தால் "எ", செயல்முறை தெரிந்திருந்தால் "செ", வெறும் ஊகம் என்றால் "ஊ". முடிவு ஒரு "ஊ" அம்பின்மேல் நின்றால், அடுத்து எதைப் படிக்கவேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கணக்கன்:
ஓடைக்கரை சொன்னதில் ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். மாறிகளில் இரண்டு வகை உண்டு: இருப்பு, ஓட்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் உலகச் செய்திகளில் பாதி தப்பாகப் புரிகிறது. தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: மட்டம் இருப்பு, குழாய் வரத்து, ஓட்டை வெளியேற்றம். வரத்து குறைந்தாலும், வெளியேற்றத்தைவிட அதிகமாக இருக்கும்வரை மட்டம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இருப்பு. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280 பிபிஎம் (பத்து லட்சத்தில் 280 பங்கு), இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வருடாந்தர உமிழ்வு வரத்து. உமிழ்வதில் ஏறக்குறையப் பாதியைக் கடலும் நிலத் தாவரங்களும் உறிஞ்சுகின்றன. எனவே "உமிழ்வு இந்த ஆண்டு கூடவில்லை" என்ற செய்திக்கு "செறிவு கூடவில்லை" என்று பொருள் இல்லை. உமிழ்வு அதே அளவில் நீடித்தாலும் செறிவு ஏறும்.

மக்கள்தொகையும் இப்படித்தான். சீனாவில் ஒரு பெண்ணுக்கான குழந்தைப்பேறு, மக்கள்தொகையை நிலையாக வைக்கத் தேவையான சுமார் 2.1-க்குக் கீழே 1990-களின் தொடக்கத்திலேயே இறங்கிவிட்டது. மக்கள்தொகை குறையத் தொடங்கியது 2022-இல். நடுவே 30 ஆண்டுகள். ஏற்கெனவே பிறந்திருந்த பெரிய தலைமுறை குழந்தை பெறும் வயதுக்கு வந்துகொண்டிருந்ததே காரணம். அந்த 30 ஆண்டுகளில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவருக்கு எதுவும் மாறாததுபோல் தெரிந்திருக்கும். வயதுவாரிப் படத்தைப் பார்த்தவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

அடையாளம் காணச் சுலபமான வழி: காலத்தை நிறுத்திவைத்தாலும் எண்ணக்கூடியது இருப்பு. "மாதத்துக்கு", "ஆண்டுக்கு" என்ற சொல் ஒட்டினால் ஓட்டம். கடன் இருப்பு, பற்றாக்குறை ஓட்டம். விலைவாசி மட்டம் இருப்பு போன்றது, பணவீக்கம் அது மாறும் வேகம். பணவீக்கம் 8-லிருந்து 3 சதவீதமாக இறங்கினால் விலை இறங்கியதாக அர்த்தமில்லை.

நெய்தல்:
சீன உதாரணம் அருமை கணக்கன். ஆனால் தாமதம் என்றால் மெதுவாக நடப்பது மட்டும்தானா? செய்திகளில் பார்ப்பது ஏற்ற இறக்கம். ஒரு வருடம் தட்டுப்பாடு, அடுத்த வருடம் கிடங்கு நிரம்பி வழிகிறது.

கணக்கன்:
நெய்தல், அந்த ஏற்ற இறக்கத்தை விரிதாளில் கால் மணி நேரத்தில் நீங்களே உண்டாக்கிப் பார்க்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டரின் குழு உருவாக்கிய விநியோக விளையாட்டின் சுருங்கிய வடிவம் இது.

வரிசைக்கு ஒரு வாரம், 40 வரிசை. ஆறு பத்திகள்:
1. வாரம்.
2. விற்பனை: 4-ஆம் வாரம்வரை 4, 5-ஆம் வாரத்திலிருந்து 8. அதன்பின் மாறாது.
3. வந்த சரக்கு: நான்கு வாரம் முன்பு போட்ட ஆர்டர். முதல் நான்கு வரிசையில் 4.
4. கையிருப்பு: போன வாரக் கையிருப்பு + வந்த சரக்கு − விற்பனை. தொடக்கம் 12. எதிர்மறையில் போனால் நிலுவை என்று கொள்ளுங்கள்.
5. வழியில் உள்ள சரக்கு: போன வார மதிப்பு + போன வார ஆர்டர் − இந்த வாரம் வந்தது. தொடக்கம் 12.
6. ஆர்டர்: விற்பனை + (12 − கையிருப்பு) ÷ 2. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் 0.

விற்பனை மாறியது ஒரே ஒரு முறை. 8-ஆம் வாரம் கையிருப்பு −4. 15-ஆம் வாரம் 30. 22-ஆம் வாரம் −8. ஊசல் அடங்கவே அடங்காது. வெளியிலிருந்து பார்க்கிறவர் "சந்தை தாறுமாறாக மாறுகிறது" என்பார். சந்தை 5-ஆம் வாரத்துக்குப் பிறகு அசையவே இல்லை.

இப்போது 6-ஆம் பத்தியை மட்டும் மாற்றுங்கள்: விற்பனை + ((12 − கையிருப்பு) + (3 × விற்பனை − வழியில் உள்ள சரக்கு)) ÷ 2. (ஆர்டர் போடும் நேரத்தில் முந்தைய மூன்று வார ஆர்டர் வழியில் இருக்கும், அதனால் 3.) ஆர்டர் 5-ஆம் வாரம் 16-க்குத் தாவி, பிறகு 12, 10, 9 என்று இறங்கி 8-இல் அமரும். கையிருப்பு 8-ஆம் வாரம் −4-ஐத் தொட்டு, 9-இல் 4, 10-இல் 8 என ஏறி 12-க்கு வந்துவிடும். ஊசலே இல்லை. தாமதம் அதே நான்கு வாரம்தான். ஏற்கெனவே ஆர்டர் போட்டு இன்னும் வராததைக் கணக்கில் எடுத்ததுதான் ஒரே வித்தியாசம்.

உலக அளவில் தேடவேண்டியதும் இந்த "வழியில் உள்ள சரக்கு"தான். கப்பல் கட்டும் தளங்களின் ஆர்டர் புத்தகம், கட்டுமானத்தில் இருக்கும் சிப் ஆலைகள், அனுமதி பெற்றுத் திறக்காத சுரங்கங்கள். இன்றைய விலையை மட்டும் பார்த்து எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை மேலேயுள்ள முதல் சூத்திரம் காட்டிவிடுகிறது.

வேர்க்கால்:
என் பக்கம் வணிகத் தரவு. தொலைவில் இருக்கும் இணைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: பக்கவிளைபொருட்களைத் தேடுங்கள்.

2021 செப்டம்பரில் எரிவாயு விலை ஏறியதால் பிரிட்டனில் இரண்டு பெரிய உர ஆலைகள் நிறுத்தப்பட்டன. தட்டுப்பாடு வந்தது இறைச்சி வெட்டும் கூடங்களிலும் குளிர்பான ஆலைகளிலும். காரணம் நேரானது. அமோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்து பிரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு மிஞ்சும். அதைச் சுத்திகரித்து உணவுத் தொழிலுக்கு விற்கிறார்கள். விலங்குகளை மயக்கவும், பொட்டலத்தில் காற்றை மாற்றவும், பானத்தில் நுரை சேர்க்கவும் அதுதான் போகிறது. உர ஆலை மூடினால் இந்த கார்பன் டை ஆக்சைடும் நிற்கும். அதன் வழக்கமான விலைக்காக மட்டும் உர ஆலையைத் திறக்கமாட்டார்கள்; பிரிட்டன் அரசு பணம் கொடுத்துத்தான் ஓர் ஆலையைத் திரும்ப இயக்கவைத்தது.

ஒரு பொருள் வேறொன்றின் நிழலில் பிறந்தால், அதன் வரத்து தன் விலைக்கு எளிதில் அசையாது. கோபால்ட் பெரும்பாலும் தாமிரம், நிக்கலோடு வருகிறது. ஹீலியம் எரிவாயுவோடு. காலியம் அலுமினாச் சுத்திகரிப்போடு, ஜெர்மானியம் துத்தநாகத்தோடு. 2023 ஆகஸ்டில் சீனா காலியம், ஜெர்மானிய ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியபோது "வேறு நாடு தோண்டிக்கொள்ளலாமே" என்று எழுதினார்கள். காலியத்துக்கென்று தனியாகச் சுரங்கம் தோண்டுவது வழக்கமில்லை. அலுமினா ஆலையில் பிரித்தெடுக்கும் பிரிவு அமைக்கவேண்டும்.

தேடும் முறை இது. கையில் எடுத்த பொருளுக்கு மூன்று கேள்வி: எந்தச் செயல்முறையில் பிறக்கிறது? அந்தச் செயல்முறையின் முதன்மைப் பொருள் எது? எத்தனை இடங்களில் மட்டும் நடக்கிறது? மூன்றாவதை லேசாக விடாதீர்கள். 2011 மார்ச் 11 ஜப்பான் நிலநடுக்கத்தில் கார்களுக்குப் பளபளப்பு தரும் ஒரு நிறமித் தூள் தயாரிக்கும் ஆலை நின்றது. அந்தத் தூள் உலகில் அங்கே மட்டும்தான் உற்பத்தியானது. பல கண்டங்களில் கார் நிறுவனங்கள் சில நிறங்களுக்கான ஆர்டரை நிறுத்திவைத்தன.

தரவுக்கு ஐ.நா.வின் காம்ட்ரேட் தளம். பொருட்களை எச்.எஸ். குறியீட்டால் (சுங்கத்துறைகள் பொருட்களை வகைப்படுத்தும் எண்) தேடவேண்டும், முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே. அமோனியா 2814. இங்கே மூன்று பிசகு வரும். ஒன்று, சில முக்கியப் பொருட்களுக்குத் தனிக் குறியீடே இல்லை: நியான், 280429 என்ற "ஆர்கான் தவிர மற்ற அரிய வாயுக்கள்" கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு, ஏற்றுமதி நாடு சொல்லும் தொகையும் இறக்குமதி நாடு சொல்லும் தொகையும் பொருந்தாது. இறக்குமதிக் கணக்கில் பொதுவாகக் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும். இரண்டையும் எடுத்து ஒப்பிடுங்கள். மூன்று, நெதர்லாந்து, சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற இடங்கள் வழியாகச் சரக்கு திரும்ப ஏற்றுமதியாகும். பட்டியலில் அவை மேலே நின்றால் உற்பத்தி அங்கே என்று நினைத்துவிடவேண்டாம்.

மறுகரை:
இந்த இழை நன்றாகப் போகிறது. இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. இணைப்பு தேடும் மனசுக்கு எங்கு பார்த்தாலும் இணைப்பு தெரியும். அழகாகச் சுற்றிவரும் கதைகளை நான் இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்ப்பேன்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஓநாய்கள் திரும்ப வந்த கதை பலருக்குத் தெரியும். 1995, 1996-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் விடப்பட்டன. எல்க் மான்கள் குறைந்தன, அவை மேயும் வில்லோ மரங்கள் வளர்ந்தன, ஓடைகளில் அணை கட்டும் பீவர்கள் வந்தன, ஆறுகளே போக்கை மாற்றிக்கொண்டன என்று சொல்கிறார்கள். முதல் பாதிக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அதே காலத்தில் கரடிகளும் பூமாக்களும் பெருகின, பூங்காவுக்கு வெளியே வேட்டையும் நடந்தது. எல்க் குறைந்ததில் ஓநாயின் பங்கு எவ்வளவு என்பது ஆய்வாளர்களிடையே இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. பீவர்களும் அவற்றின் அணைகளும் அற்றுப்போன ஓடைகளில் நிலத்தடி நீர்மட்டம் இறங்கிவிட்டதால், மேய்ச்சலைத் தடுத்தாலும் பல இடங்களில் வில்லோ மீளவில்லை. இருப்பு ஒருமுறை வேறு நிலைக்குப் போய்விட்டால், காரணத்தை நீக்கியதும் பழைய நிலைக்கு வரும் என்று உறுதி இல்லை.

அதனால் "எ, செ, ஊ" குறிகளோடு இன்னொரு பத்தியும் சேருங்கள்: "இந்த அம்பு பொய்யாக இருந்தால் எதைப் பார்ப்பேன்?" பதில் எழுத வராத அம்பை அழித்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு விளைவுக்கும் நீங்கள் வரையாத வேறு இரண்டு காரணங்களை எழுதிப் பாருங்கள். இந்த வேலை சலிப்பாக இருக்கும், ஆனால் பாதி அம்புகள் இங்கேதான் உதிரும்.

ஓடைக்கரை:
மறுகரை சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கதை சுத்தமாக இருந்தாலே பொய் என்றும் ஆகாது. ஓசோன் விவகாரத்தைப் பாருங்கள். குளிர்சாதனங்களில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கும் என்ற வேதியியல் விளக்கம் 1974-இல் வந்தது. அண்டார்டிகாவின் மேலே துளை இருப்பதை 1985-இல் அளவீட்டோடு காட்டினார்கள். 1987-இல் அவற்றைக் குறைக்க மான்ட்ரியல் ஒப்பந்தம். "செ" முதலில், "எ" பிறகு, நடவடிக்கை அதற்கும் பிறகு.

இதில் இரண்டாவது சுற்றும் இருக்கிறது. மாற்றாக வந்த எச்எஃப்சி (ஹைட்ரோஃபுளோரோகார்பன்) வாயுக்கள் ஓசோனைத் தொடவில்லை, ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைத்தன. அவற்றில் ஒன்றான எச்எஃப்சி-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில் அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட 1,400 மடங்குக்கும் மேல் சூடாக்கும். அவற்றைக் குறைக்க 2016-இல் அதே ஒப்பந்தத்துக்குக் கிகாலித் திருத்தம் வேண்டியிருந்தது. ஒரு தீர்வைப் படத்தில் சேர்க்கும்போது, அது எதன் இடத்துக்கு எதைக் கொண்டுவருகிறது என்பதையும் ஒரு மாறியாக எழுதவேண்டியது இதனால்தான். இன்னொன்று, பழைய வாயுக்கள் காற்றில் 50 முதல் 100 ஆண்டு தங்கும். வரத்து ஏறக்குறைய நின்றபிறகும் அண்டார்டிகா ஓசோன் 1980-இன் அளவுக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது மதிப்பீடு. கணக்கன் சொன்ன தொட்டிதான்.

நெய்தல்:
படம் சரி என்று வைத்துக்கொள்வோம். நாளை என்ன நடக்கும் என்று சொல்ல முடியுமா? இல்லை, புரிந்துகொள்வதோடு நிற்கவேண்டியதுதானா?

மறுகரை:
சொல்லிப் பழகவேண்டும், நெய்தல். சொல்லாவிட்டால் படம் சரியா என்று தெரிய வழியே இல்லை. ஆனால் சொல்வதற்கு ஒரு வடிவம் உண்டு: என்ன நடக்கும், எந்த அளவுகோலில், எந்தத் தேதிக்குள், எத்தனை சதவீத வாய்ப்பு. "உணவு விலை ஏறக்கூடும்" என்பது கணிப்பு ஆகாது. "எஃப்ஏஓ உணவு விலைக் குறியீடு டிசம்பர் அறிக்கையில் ஜூன் அளவைவிட 5 சதவீதமாவது கூடியிருக்கும், வாய்ப்பு 30 சதவீதம்" என்பது கணிப்பு. அந்தக் குறியீட்டை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு (எஃப்ஏஓ) மாதாமாதம் வெளியிடுகிறது. 2014–16 சராசரி 100.

தேதி வந்ததும் பிரையர் மதிப்பெண் போடுங்கள்: (சொன்ன வாய்ப்பு − நடந்தது)-இன் வர்க்கம். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. 70 சதவீதம் சொன்னது நடந்தால் 0.09, நடக்காவிட்டால் 0.49. எல்லாவற்றுக்கும் 50 என்று சொல்கிறவருக்கு எப்போதும் 0.25. சராசரி 0.25-க்கு மேல் போனால் படம் உங்களுக்கு உதவவில்லை.

வாய்ப்பைப் போடும்போது முதலில் கடந்தகால அடிப்படை வீதம். மேலே சொன்ன கணிப்புக்கு, கடந்த 20 ஆண்டில் எத்தனை முறை ஆறு மாதத்தில் 5 சதவீதம் கூடியது என்று எண்ணிவிட்டு, அதிலிருந்து படம் சொல்லும் திசையில் கொஞ்சம் நகருங்கள். படத்திலிருந்து தொடங்கினால் எண் எப்போதும் அளவுக்கு மீறி இருக்கும்.

திசைமானி:
மிகவும் பயனுள்ள பதில்கள், அனைவருக்கும் நன்றி. இழையில் சொன்னபடி ஒன்று வரைந்திருக்கிறேன். கேள்வி: 2022-இல் உக்ரைன் போரால் அடுத்த 12 மாதத்தில் சிப் உற்பத்தி குறையுமா?

உக்ரைன் உருக்கு உற்பத்தி →(+) நியான் வரத்து (செ: உருக்கு ஆலைக்கு ஆக்சிஜன் பிரிக்கும்போது கிடைப்பது)
நியான் வரத்து →(+) சிப் ஆலைகளின் லேசர் இயக்கம் (செ: சிப்பில் வடிவம் பதிக்கும் லேசர்களுக்கு நியான் வேண்டும்)
லேசர் இயக்கம் →(+) சிப் உற்பத்தி (செ)
நியான் வரத்து →(−) நியான் விலை (எ)

சிப்புக்கான தூய நியானில் ஏறக்குறையப் பாதி மாரியுபோல், ஒடேசா நகரங்களிலிருந்த இரண்டு நிறுவனங்களிடமிருந்து வந்தது என்பது அப்போதைய மதிப்பீடு. படத்தின்படி உற்பத்தி பலமாக விழவேண்டும். அப்படி விழவில்லையே?

வேர்க்கால்:
முதல் அம்பில் ஒரு திருத்தம். கச்சா நியானில் ஒரு பகுதி ரஷ்ய உருக்கு ஆலைகளிலிருந்து வந்து உக்ரைனில் சுத்திகரிக்கப்பட்டது. எனவே இரண்டு தனி மாறிகள் வேண்டும்: கச்சா வாயு, சுத்திகரிப்புத் திறன். போரில் முதலில் நின்றது இரண்டாவது.

ஓடைக்கரை:
படத்தில் இருப்பே இல்லை பாருங்கள், திசைமானி. எல்லாம் ஓட்டங்கள். வரத்துக்கும் லேசர் இயக்கத்துக்கும் நடுவே "ஆலைகளின் நியான் கையிருப்பு (மாதங்களில்)" என்று ஒரு பெட்டி வையுங்கள். வரத்து நின்றால் முதலில் குறைவது அதுதான்.

விலையிலிருந்து வெளியே போகும் அம்பும் இல்லை. அதனால் சமன்செய்யும் சுழலும் இல்லை. விலை →(+) மறுசுழற்சி, சில மாதத் தாமதம். விலை →(+) வேறு நாடுகளில் பிரிப்புத் திறன், ஓர் ஆண்டுக்கு மேல் தாமதம். இந்த இரண்டாவது அம்பு 2022-இல் தொடங்கவில்லை. 2014-இல் கிரிமியா பிரச்சினையின்போதே நியான் விலை பல மடங்கு ஏறியது. அதன்பின் லேசர் தயாரிப்பாளர்கள் வாயுச் செலவைக் குறைத்தார்கள், சிப் நிறுவனங்கள் கையிருப்பைக் கூட்டி வேறு விற்பனையாளர்களையும் சேர்த்துக்கொண்டன. தென் கொரியாவில் ஓர் உருக்கு நிறுவனம் 2022 ஜனவரியில், போருக்கு முந்தைய மாதமே, சொந்த நியான் உற்பத்தியைத் தொடங்கியிருந்தது. காலவரையை 12 மாதம் முன்னோக்கி மட்டும் வைத்ததால் இது கண்ணில் படவில்லை. இப்படியான கேள்விகளுக்கு, மிக நீண்ட தாமத அம்பு எவ்வளவோ அவ்வளவு காலம் பின்னோக்கியும் தரவு எடுங்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துத் திரும்ப வரைந்து போடுங்கள். கையிருப்புப் பெட்டிக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று இரண்டு தொடக்க மதிப்பு வைத்து கணக்கனின் விரிதாளில் ஓட்டிப் பாருங்கள். எந்த மதிப்புக்குக் கீழே உற்பத்தி விழுகிறது என்று தெரிந்ததும் அந்த எண்ணை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.